பிழை வேறு, ஒழுங்கீனம் வேறு

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடற்கல்வி ஆசிரியர் கையில் மைக்கைக் கொடுத்தால் 'அட்டென்ஷன்' என்றுதான் தொடங்குவார் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். கவலை வேண்டாம், உட்கார்ந்தே கேட்கலாம்.

ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாட்களுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நம் பள்ளி மைதானங்களில் மிக அதிகமாகக் காதில் விழும் சொல் அது. ஒழுங்கு. அணிவகுப்பில் கால் மாற்றிப் போட்ட பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கு ஒழுங்கே கிடையாது சார்" என்கிறோம். அதே பிள்ளை கழித்தல் கணக்கில் கடன் வாங்க மறந்துவிட்டால் அப்படிச் சொல்வதில்லை. "இந்த இடத்தில் தப்பு செய்திருக்கிறான்" என்று சொல்லி, பக்கத்தில் திருத்தியும் காட்டுகிறோம். கணக்கில் பிழையாக இருப்பது மைதானத்தில் ஏன் குணக்கேடாக மாறிவிடுகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, நம் ஊரைவிட்டு வெகுதூரம், லண்டன் மாநகரத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

86 மாலுமிகள், ஒரு மாதம்

லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் நடக்கும் காவலர் மாற்றும் சடங்கைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சட்டை, தலையில் உயரமான கரடித்தோல் தொப்பி, அசையாத முகம். பழைய காவல் அணி தன் பொறுப்பைப் புதிய அணியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். 1660 முதல் கணக்கிடப்படும் இந்த வழக்கத்தில், பெரும்பாலும் தரைப்படையின் காவல் ரெஜிமெண்டுகள்தான் நின்றிருக்கின்றன.

2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, அந்த இடத்தில் கடற்படை மாலுமிகள் வந்து நின்றார்கள். ராயல் நேவி எனப்படும் பிரிட்டன் கடற்படை அந்தச் சடங்கை ஏற்று நடத்தியது 357 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. கரடித்தோல் தொப்பி கிடையாது. தங்கள் கருநீலச் சீருடையிலும் வெள்ளைத் தொப்பியிலும் வந்தார்கள். லெப்டினன்ட் கமாண்டர் ஸ்டீவ் எலியட் என்ற அதிகாரி, அரசியின் காவல் அணிக்குத் தலைமை ஏற்ற முதல் கடற்படை அதிகாரி ஆனார்.

இந்த அணி எப்படி உருவானது என்பதுதான் நமக்கு முக்கியம். மொத்தம் 86 பேர். 45 கப்பல்களிலிருந்தும் கரைத்தளங்களிலிருந்தும் வந்தவர்கள். ஒரே கப்பலில் ஒன்றாக வேலை பார்த்துப் பழகியவர்கள் இல்லை. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் வேல் ஐலண்ட் என்றொரு சிறு தீவு இருக்கிறது. திமிங்கிலத் தீவு என்று பொருள். அங்குள்ள எச்.எம்.எஸ். எக்ஸலென்ட் என்ற பயிற்சித் தளத்தில் இவர்களைச் சேர்த்தார்கள். கற்றுக்கொடுக்க வந்தவர்கள் தரைப்படையின் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். கிடைத்த காலம் ஒரு மாதம்.

ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மாணவர்களாக நின்றவர்கள் யாரும் சாதாரண ஆட்கள் இல்லை. கடற்படையில் தங்கள் வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தவர்கள். அலையில் ஆடும் கப்பலில் நிலை தவறாமல் நடக்கத் தெரிந்தவர்கள். கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதல் நாள் அந்த மைதானத்தில் அவர்கள் புதியவர்கள்தான். கப்பலில் தினமும் அணிவகுத்து நடக்க இடமும் கிடையாது, அவசியமும் கிடையாது. வேலையில் சேர்ந்த காலத்தில் அடிப்படை நடை கற்றிருப்பார்கள். அரண்மனைக் காவலோ வேறு கலை. மெதுநடை, துப்பாக்கியோடு செய்யும் அசைவுகள், இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று பொறுப்பை மாற்றிக்கொள்ளும் வரிசை எல்லாம் அதில் உண்டு.

படைக்குப் படை பழக்கமும் வேறு. ஒரு சல்யூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் தரைப்படையில் உள்ளங்கை எதிரில் நிற்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். கயிறும் தாரும் பிடித்து அழுக்கான கையை மேலதிகாரிக்குக் காட்டக் கூடாது என்பதால் வந்த வழக்கம் என்று பரவலாகச் சொல்வார்கள். நம் நாட்டிலும் தரைப்படை வீரரின் உள்ளங்கை முன்னால் தெரியும். கடற்படை வீரரின் உள்ளங்கை கவிழ்ந்திருக்கும். இந்த இரண்டில் எது ஒழுங்கு? இரண்டும்தான். ஓர் இடத்தில் சரியாக இருப்பது இன்னோர் இடத்தில் பிழை. அந்த இடத்தின் முறை இன்னும் கைவரவில்லை என்பதைத் தவிர அந்தப் பிழைக்கு வேறு பொருள் இல்லை.

துண்டு துண்டாகக் கற்பித்தல்

அணிநடை கற்பிக்கும் முறையில் நமக்குப் பயன்படும் மூன்று கூறுகளைச் சொல்கிறேன். இவை இந்த 86 பேருக்காக மட்டும் வந்தவை இல்லை. பிரிட்டன் மரபிலும், அதை ஒட்டி வளர்ந்த நம் நாட்டுப் படைகளிலும், பள்ளியில் இருக்கும் தேசிய மாணவர் படையிலும் இதே அடிப்படைதான்.

முதலாவது, எந்த அசைவையும் முழுதாகக் கற்றுத்தருவதில்லை. நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒரே அசைவு. கற்பிக்கும்போது அது இரண்டு. வலது குதிகாலிலும் இடது பாதத்தின் முன்பகுதியிலும் உடலைத் திருப்புவது ஒன்று. பின்னால் இருக்கும் காலைக் கொண்டுவந்து சேர்ப்பது இரண்டு. "ஒன்று" என்றால் முதல் பாதியைச் செய்துவிட்டு அப்படியே நிற்க வேண்டும். ஆசிரியர் வரிசையில் நடந்து ஒவ்வொருவரையும் பார்ப்பார். எல்லாருடைய முதல் பாதியும் சரியானால்தான் "இரண்டு" என்பார். அதனால் பிழை எந்தப் பாதியில் இருக்கிறது என்று கற்பவருக்கும் தெரியும், கற்பிப்பவருக்கும் தெரியும். நம் வகுப்பில் கட்டுரை சரியாக எழுதாத பிள்ளையிடம், "கட்டுரை சரியில்லை, திரும்ப எழுது" என்கிறோம். எந்தப் பாதி சரியில்லை என்று சொல்கிறோமா?

இரண்டாவது, எண்ணிக்கையைக் கற்பவரே உரக்கச் சொல்வது. பயிற்சியின் தொடக்கத்தில் அணி முழுதும் "ஒன்று... இரண்டு, மூன்று... ஒன்று" என்று வாய்விட்டுச் சொல்லும். அசைவுக்கு ஒன்று, நடுவில் நிறுத்தத்துக்கு இரண்டு மூன்று, அடுத்த அசைவுக்கு மீண்டும் ஒன்று. சில நாட்களில் குரல் அடங்கி, எண்ணிக்கை மனதுக்குள் போய்விடும். வாய்ப்பாட்டை முதலில் சத்தமாகச் சொல்லி, பிறகு மனதுக்குள் ஓட்டும் அதே வழிதான். அந்த நடு நிறுத்தம் மிக முக்கியம். புதியவர்கள் எல்லாரும் செய்யும் பிழை அவசரம். நிறுத்தத்தை எண்ணச் சொன்னால் அவசரம் தானாகக் குறையும்.

மூன்றாவது, கட்டளைச் சொல் இரண்டு துண்டாக வருவது. என்.சி.சி. பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். "தேஜ்..." என்று இழுத்து, சற்று நிறுத்தி, "சல்!" என்று வெட்டிச் சொல்வோம். முதல் துண்டு என்ன செய்யப்போகிறோம் என்று அறிவிக்கும். இரண்டாவது, இப்போது செய் என்று சொல்லும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளி, கேட்பவர் மனதில் தயார் ஆவதற்காக. வகுப்பில் நாம் ஒரு கேள்வியைக் கேட்டு, அதே மூச்சில் ஒரு பெயரையும் சொல்லிவிடுகிறோம். கேள்விக்கும் பெயருக்கும் நடுவே மூன்று வினாடி விட்டுப் பாருங்கள். கை தூக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இந்த மூன்றையும் தாங்கும் வரிசை ஒன்று பிரிட்டன் படைப்பயிற்சியில் உண்டு. விளக்கு, செய்து காட்டு, பார்த்துச் செய்யச் சொல், பழக்கு என்று நான்கு படிகள். அதில் திட்டு என்று ஐந்தாவது படி இல்லை. அணிநடை ஆசிரியரின் குரல் பெரிது, உண்மைதான். நூறு மீட்டர் தள்ளி இருப்பவருக்கும் கேட்க வேண்டுமே! ஆனால் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, நான்கு படிகளை விட்டுவிட்டால் அது பயிற்சி ஆகாது.

பீரங்கியிலிருந்து வந்த பாடம்

எச்.எம்.எஸ். எக்ஸலென்ட் 1830-இல் தொடங்கப்பட்டது பீரங்கிப் பள்ளியாக. கடற்படையில் அணிவகுப்பைக் கற்றுத்தரும் பொறுப்பு மரபாகப் பீரங்கிப் பிரிவுக்கே உரியது. நம் இந்தியக் கடற்படையிலும் அப்படித்தான். கொச்சியில் இருக்கும் ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா பீரங்கிப் பயிற்சிப் பள்ளி. ஆசிரியர் பெயரையே தாங்கிய தளம் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

பீரங்கிக்கும் நடைக்கும் என்ன உறவு? பழைய மரக்கப்பல் பீரங்கியை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை சுட்டதும் குழலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் துணுக்குகள் இருக்கும். ஈரமான துடைப்பானை உள்ளே விட்டு அவற்றை அணைக்க வேண்டும். அடுத்து மருந்துப் பொதி, அதன்மேல் குண்டு, பிறகு கோலால் இடித்து இறுக்க வேண்டும். இதற்கு ஆறேழு பேர், ஆளுக்கொரு வேலை. யாராவது அவசரத்தில் ஈரத் துடைப்பை விட்டுவிட்டால், மருந்தைத் திணிப்பவர் கையிலேயே அது வெடிக்கும். அழகுக்காக வந்த வரிசை இல்லை அது. பக்கத்தில் நிற்பவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக வந்த வரிசை. ஒவ்வொரு படிக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காரணம்.

நம் மொழியில் இதற்கு அழகான சொல் இருக்கிறது. கவாத்து. காவல்துறையில் இன்றும் புழங்கும் சொல். உருது வழியாக வந்தது. மூலச் சொல்லுக்கு விதிகள் என்று பொருள். இலக்கணத்துக்கும் அந்த மொழியில் அதே சொல்தான். தமிழாசிரியர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. நம் தோட்டக்காரர்களோ செடியின் கிளையை வெட்டிவிடுவதையும் கவாத்து என்கிறார்கள். எந்தக் கிளையை, எந்தக் கணுவுக்கு மேல், எந்தப் பருவத்தில் என்று தெரிந்து வெட்டினால் செடி பூக்கும். கையில் கத்திரி இருக்கிறது என்பதற்காக வெட்டினால் பட்டுப்போகும்.

தெரிந்ததில் தொடங்குதல்

இனி அதே கடற்படையின் பழைய கதை ஒன்று. 1901 பிப்ரவரி 2. விக்டோரியா அரசியின் இறுதி ஊர்வலம். வின்ட்சர் ரயில் நிலையத்தில் பீரங்கி வண்டிமேல் சவப்பெட்டியை வைத்தாயிற்று. குதிரைகள் கடுங்குளிரில் நெடுநேரம் காத்து நின்றிருந்தன. புறப்படும் நேரத்தில் குதிரைகளை வண்டியோடு இணைக்கும் பகுதி உடைந்துபோனது. உலகத்தின் மன்னர்கள் பலர் வந்து நிற்கிறார்கள், வண்டி நகரவில்லை. மரியாதை அணிவகுப்புக்காக அங்கே மாலுமிகள் நின்றிருந்தார்கள். கயிறு கிடைத்தது. அவர்களே வண்டியை இழுத்துச் சென்றார்கள். இந்த யோசனையைச் சொன்னவர் கடற்படை அதிகாரியான பேட்டன்பர்க் இளவரசர் லூயி என்று குறிப்பிடுவார்கள். நம் நாட்டின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனின் தந்தை அவர்.

முன் ஒத்திகை இல்லை. எப்படி முடிந்தது? கயிற்றைப் பலர் சேர்ந்து ஒரே மூச்சில் இழுப்பது மாலுமிக்கு அன்றாடத் தொழில். பாய்மரக் காலத்திலிருந்து கைவந்தது. அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைத்தான் அன்று அவர்களிடம் கேட்டார்கள்.

அன்று ஆபத்துக்குச் செய்தது பிறகு மரபாகிவிட்டது. 1910-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் ஊர்வலத்திலும், 1965-இல் சர்ச்சிலின் ஊர்வலத்திலும் மாலுமிகளே இழுத்தார்கள். 2022 செப்டம்பர் 19 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியின் இறுதி ஊர்வலத்தில், சுமார் இரண்டரை டன் எடையுள்ள அதே வண்டியை 142 மாலுமிகள் கொண்டுசென்றார்கள். முன்னால் 98 பேர் இழுக்க, பின்னால் 40 பேர் கயிற்றைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அரசி இறந்தது செப்டம்பர் 8-ஆம் தேதி. இடையில் இருந்த நாட்கள் பத்துதான்.

பின்னால் பிடித்திருந்த அந்த 40 பேரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். தொலைக்காட்சியில் இழுப்பவர்கள்தான் கண்ணில் படுவார்கள். ஆனால் தடுத்துப் பிடிப்பவர்கள் இல்லாமல் அந்த வண்டி இறக்கத்தில் ஒழுங்காக இறங்காது. நம் பிள்ளைகளிலும் முன்னால் இழுக்கத் தெரிந்தவர்கள் உண்டு, பின்னால் நின்று நிதானம் காக்கத் தெரிந்தவர்களும் உண்டு.

நம் மைதானத்துக்கு வருவோம்

டெல்லியில் குடியரசு தின அணிவகுப்பில் கடற்படை அணி வரும்போது பாருங்கள். 12 வரிசை, வரிசைக்கு 12 பேர், மொத்தம் 144. 2015-இல் பெண் அதிகாரிகள் மட்டுமே கொண்ட கடற்படை அணியை லெப்டினன்ட் கமாண்டர் சந்தியா சவுகான் நடத்திச் சென்றார். 2023 ஜூலை 14 அன்று பாரிஸ் நகரில் பிரான்சு தேசிய நாள் அணிவகுப்பில் நம் முப்படையினர் 269 பேர் நடந்தார்கள். அவர்களில் மாலுமிகளும் உண்டு. நம் மாவட்டப் பிள்ளைகள் கடற்படைக்குத் தேர்வானால் முதலில் போவது ஒடிசாவில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவுக்கு. அங்கே முதல் நாள் நிற்கும் பிள்ளை, நேற்றுவரை நம் பள்ளி மைதானத்தில் நின்ற பிள்ளைதான். "உனக்கு இதெல்லாம் வராது" என்று நாம் சொல்லி அனுப்பியிருந்தால், அந்தச் சொல்லும் அவனோடு சில்கா வரைக்கும் போகும்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பு. அணிவகுப்பில் அவனுக்கு வலது கையும் வலது காலும் சேர்ந்தே முன்னால் போகும். இது எல்லாப் பள்ளியிலும் ஆண்டுக்கு இரண்டு பேருக்காவது வரும். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். "கையை மாத்துடா" என்று கத்தினால் அவனுக்கு இன்னும் குழப்பம். ஏனென்றால் சாதாரணமாக நடக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கோளாறு வருவதில்லை. உடம்பு தானாகச் செய்வதை மனது பிடித்துக்கொண்டு செய்யப் பார்க்கும்போதுதான் வருகிறது. அதனால் அவனை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டேன்.

"வீட்ல என்ன வேலைடா செய்வே?"

"ஆடு மேய்ப்பேன் சார்."

"எத்தனை உருப்படி?"

"நாப்பது சார்."

பேசிக்கொண்டே என்னோடு நடந்தான். கை சரியாகத்தான் வீசியது. பேச்சை நிறுத்தாமல், நடையைக் கொஞ்சம் வேகமாக்கினேன். அடுத்த சுற்றில் முதுகை நிமிர்த்தச் சொன்னேன். அதற்கடுத்த சுற்றில் லெஃப்ட் ரைட் சேர்ந்தது. மூன்று நாட்கள், நாளுக்குப் பத்து நிமிடம். சரியாகிவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது. நாற்பது ஆடுகளைத் தூரத்திலிருந்து ஒற்றைக் குரலில் திருப்புகிறவன் அவன். அந்தக் குரல் வேறு யாருக்கும் இல்லை. அந்த ஆண்டு கட்டளை சொன்னது அவன்தான்.

அவனுக்கு ஒழுங்கு இல்லாமலா இருந்தது? விடிவதற்கு முன் எழுந்து பட்டியைத் திறந்து, ஆட்டை எண்ணி ஓட்டிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை. அந்த மாலுமிகளைப் போலத்தான் அவனும். தன் இடத்தில் தேர்ந்தவன், இந்த இடத்துக்குப் புதியவன்.

பாடத்தோடு சேர்த்துக்கொள்ள

அணிவகுப்பு உடற்கல்வி ஆசிரியரின் சொத்து என்று விட்டுவிடாதீர்கள். கணித ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன். பிரிட்டன் தரைப்படையின் வேகநடை நிமிடத்துக்கு 116 அடிவைப்பு, ஓர் அடிவைப்பு 30 அங்குலம். நிமிடத்துக்கு எத்தனை மீட்டர்? சுமார் 88. மெதுநடை நிமிடத்துக்கு 65. அதற்கு எத்தனை? சுமார் 50. சுண்ணாம்பால் மைதானத்தில் 88 மீட்டர் அளந்து கோடு போட்டு, பிள்ளைகளை நடக்கவிட்டுச் சரிபாருங்கள்.

இன்னொரு கணக்கு. 12 பேர் ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக நடக்கிறார்கள். வரிசை கால் வட்டம் திரும்ப வேண்டும். உள் ஓரத்தில் இருப்பவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பார். வெளி ஓரத்தில் இருப்பவர் 11 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் கால் பங்கு நடக்க வேண்டும். அதாவது 17 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட 23 அடிவைப்பு. ஒரே வரிசை, ஒரே தாளம், ஆனால் ஆளுக்கு ஆள் அடியின் நீளம் வேறு. எல்லாரும் ஒரே நீளம் வைத்தால் வரிசை உடைந்துவிடும். வட்டத்தின் சுற்றளவை இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகையும் காட்டாது. வேறொன்றையும் இது காட்டுகிறது. ஒழுங்கு என்பது எல்லாரும் ஒன்றையே செய்வது என்று நினைக்கிறோம். திருப்பத்தில் ஒவ்வொருவரும் தன் இடத்துக்கு ஏற்ற அடி வைத்தால்தான் வரிசை நேராக நிற்கும்.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்

இவ்வளவும் சொன்னதால், வகுப்பறையைக் கவாத்து மைதானம் ஆக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 86 பேர் வளர்ந்தவர்கள். தாங்களே விரும்பிக் கடற்படையில் சேர்ந்தவர்கள். நம்மிடம் இருப்பது குழந்தைகள். அணிநடையில் கேள்வி கேட்க இடமில்லை. வகுப்பில் கேள்விதான் உயிர். மைதானத்தில் 40 நிமிடம் ஒன்றுபோல நடந்த பிள்ளைகள், வகுப்புக்குள் வந்ததும் 40 விதமாக யோசிக்க வேண்டும்.

அடியைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. மைதானம் அந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. முட்டி போடவைப்பதும், வெயிலில் தனியே நிறுத்துவதும், எல்லார் முன்னாலும் நடந்து காட்டச் சொல்லிச் சிரிக்கவிடுவதும் அதில் அடக்கம்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூன் மாதம் லண்டனில் அரச அணிவகுப்பு ஒத்திகையின்போது, 30 டிகிரி வெப்பத்தில் பயிற்சி பெற்ற காவல் வீரர்களே சிலர் மயங்கி விழுந்தார்கள். அசையாமல் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும். தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். 30 டிகிரியை நாம் குளிர்ச்சியான நாள் என்போம். காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையை நம் வெயிலில் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கவைத்தால் என்ன ஆகும்? முழங்காலை விறைத்துப் பூட்டாமல் நிற்கவும், காலணிக்குள் விரல்களை அசைத்துக்கொண்டிருக்கவும் சொல்லிக்கொடுங்கள். பயிற்சியை 20 நிமிடத் துண்டுகளாக வெயில் ஏறுவதற்கு முன் வையுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளை அணிவகுப்பு நாளில் வகுப்பறையில் உட்கார வைத்துவிடும் வழக்கம் இருந்தால், அதை இந்த ஆண்டே நிறுத்திவிடலாம். தாளம் அடிப்பவர் வேண்டும். கட்டளை சொல்பவர் வேண்டும். வரிசை நேராக இருக்கிறதா என்று எதிரில் இருந்து பார்த்துச் சொல்பவர் வேண்டும். சக்கர நாற்காலியும் வரிசையில் வரலாம். தாளத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்வது நம் வேலை.

முடிவாக மூன்று வேண்டுகோள். பிள்ளை பிழை செய்யும்போது, எந்தத் துண்டில் பிழை என்று முதலில் நீங்கள் கண்டுபிடியுங்கள். அதை அவனுக்குச் செய்து காட்டுங்கள். அந்தப் பிள்ளை வேறு எதில் தேர்ந்தவன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கற்பித்தலை அங்கிருந்து தொடங்க வழி கிடைக்கும். மூன்றாவது, ஒழுங்கு இல்லாதவன் என்ற சொல்லை எடுப்பதற்கு முன், இவனுக்கு இதை நான் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்தேனா என்று ஒரே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாட்களில் அந்தச் சொல்லுக்கு வேலையே இருக்காது.

ஆகஸ்ட் மாதம் நெருங்குகிறது. திங்கட்கிழமை காலை மைதானத்தில் சந்திப்போம். உடற்கல்வி ஆசிரியர் மட்டும் தனியாக நிற்காமல் நீங்களும் வந்து நின்றால், பிள்ளைகள் மகிழ்வார்கள்.